நாற்றுக்கு ஒரு மரபணு, கதிருக்கு வேறொன்று

பாகூர் ஏரியில் நிற்பது தென்பெண்ணையின் தண்ணீர். சொர்ணாவூர் அணைக்கட்டில் பிரிந்து பங்காரு வாய்க்கால் வழியாக வந்து சேர்கிறது. புதுச்சேரிப் பகுதியில் ஊசுடு ஏரிக்கு அடுத்த பெரிய ஏரி இது. இதன் ஆயக்கட்டிலிருந்து கிழக்கே போகப் போக நெல் குறைந்து சவுக்கும் தென்னையும் கூடும். நரம்பை, மணப்பட்டு, மூர்த்திக்குப்பம் என்று ஊர்ப்பெயர்கள் கடற்கரைக்கு மாறிவிடும். சில கிலோமீட்டருக்குள் பயிர் இப்படி மாறுவதற்கு மணற்பாங்கான நிலம் ஒரு காரணம். கிணற்று நீரில் ஏறும் உப்பு இன்னொரு காரணம். தென்னையும் சவுக்கும் பொறுத்துக்கொள்ளும் உப்பை நெல் பொறுக்காது.

எவ்வளவு பொறுக்காது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. மண் பரிசோதனை அட்டையில் ‘ஈ.சி.’ என்ற தலைப்பின் கீழ் ஓர் எண் எழுதியிருப்பார்கள். மண்ணில் கரைந்திருக்கும் உப்பு எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்ற அளவு அது. அந்த எண் 3 வரை இருந்தால் நெல்லுக்குப் பெரிய சேதமில்லை. அதற்கு மேல் ஒவ்வோர் அலகு கூடும்போதும் விளைச்சலில் சுமார் 12 சதவீதம் போய்விடும். 7 ஆகும்போது ஏறத்தாழப் பாதி மகசூல் இருக்காது. பார்லி 8 வரை தாக்குப்பிடிக்கும். கடல்நீருக்கு இதே அளவு 50 பக்கம் வரும்.

வாயில் வைத்தால் கரிக்காத தண்ணீரிலும் உப்பு உண்டு என்பதை மறந்துவிடுகிறோம். ஈ.சி. 1 உள்ள தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 640 மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கும். அந்தத் தண்ணீரை ஒரு போக நெல்லுக்கு ஆயிரம் மில்லிமீட்டர் உயரத்துக்குப் பாய்ச்சினால் ஓர் ஏக்கரில் இரண்டரை டன்னுக்கு மேல் உப்பு இறங்குகிறது. நீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு தங்கிவிடும். வடிகாலும் மழையும் அதைக் கழுவிக்கொண்டு போகும் வரை நிலம் பிழைக்கும். கழுவ ஆளில்லாத வருடம் வயலில் உப்பு வெள்ளையாகப் பூக்கும்.

கடலோரத்தில் இன்னொரு கணக்கும் சேர்ந்துகொள்கிறது. மண்ணுக்கடியில் நன்னீர் கடல்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. 1889இல் கைபென், 1901இல் ஹெர்ஸ்பெர்க் என இரண்டு பொறியாளர்கள் தனித்தனியே கண்ட உண்மை இது: நிலத்தடி நன்னீரின் மட்டம் ஒரு மீட்டர் தாழ்ந்தால் கீழே உவர்நீரின் எல்லை சுமார் நாற்பது மீட்டர் மேலேறும். நிலம் எல்லா இடத்திலும் இந்தக் கணக்குக்கு அப்படியே கட்டுப்படுவதில்லை. ஆனால் திசை மாறாது. ஏரியில் நிற்கும் தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் போவது கண்ணுக்குத் தெரிந்த வேலை. அதே தண்ணீர் மண்ணுக்குள் கசிந்து கடலை எட்ட நிறுத்திவைப்பது தெரியாத வேலை. ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு புதுச்சேரிப் பகுதியின் 84 ஏரிகளைத் தூர்வாரிச் சீரமைத்த திட்டம் இந்த இரண்டாவது வேலைக்கும் கொடுத்த கைதான்.

இந்த நிலத்துக்கு ‘உப்பைத் தாங்கும் நெல்’ ஒன்று வந்தால் என்ன ஆகும்? கேள்வி புதிதல்ல. இந்தியாவில் உப்பால் கெட்ட நிலம் சுமார் 67 லட்சம் ஹெக்டேர். இதற்கென்றே கர்னாலில் மத்திய மண் உவர்மை ஆராய்ச்சி நிறுவனம் 1969 முதல் இயங்குகிறது. ‘உப்பைத் தாங்கும்’ என்ற இரண்டு சொற்களுக்குள் எத்தனை வேலைகள் அடங்கியிருக்கின்றன என்பதைத்தான் கடந்த முப்பது ஆண்டு மரபணு ஆய்வுகள் ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டியிருக்கின்றன. பாகூர் விவசாயிக்கு நேரடியாக உதவக்கூடிய அறிவு அந்தப் பிரிப்பில்தான் இருக்கிறது.

உப்பு பயிரை இரண்டு தவணையில் தாக்குகிறது. முதல் தாக்குதல் தாகம். மண்ணில் உப்பு கூடினால் ஈரம் இருந்தும் வேரால் உறிஞ்ச முடியாது. இலை விரிவது சில மணி நேரத்திலேயே மட்டுப்படும். இரண்டாவது தாக்குதல் மெதுவாக, நாட்கணக்கில் வரும். சோடியம் இலைகளில் சேர்ந்துகொண்டே போகும், முதிர்ந்த இலைகள் நுனியிலிருந்து கருகும். சோடியத்தின் கெடுதி அதன் உருவ ஒற்றுமையில் இருக்கிறது. செல்லுக்குள் எத்தனையோ நொதிகள் பொட்டாசியத்தை நம்பி வேலை செய்கின்றன. சோடியம் பார்வைக்குப் பொட்டாசியத்தைப் போலவே இருந்து அதன் இடத்தில் உட்கார்ந்துவிடும், வேலையை மட்டும் செய்யாது. ஆகவே ஒரு பயிர் உப்பைத் தாங்குமா என்பதற்கு உடலில் நுழைந்த சோடியத்தின் அளவு மட்டும் விடையாகாது. இலையில் பொட்டாசியத்துக்கும் சோடியத்துக்கும் உள்ள விகிதத்தைப் பார்க்க வேண்டும்.

இந்த விகிதத்தைக் காக்கும் வழி கடுகுக் குடும்பத்துச் சிறு களையான அராபிடாப்சிஸில்தான் முதலில் தெளிவாகத் துலங்கியது. 1990களின் பிற்பகுதியில் ஜியான்-காங் ஜூவும் அவரது குழுவினரும் உப்பு பட்டதும் சுருண்டுவிடும் நாற்றுகளைத் தேடித் தேடிப் பிரித்தார்கள். எது இல்லாமல் செடி சாகிறதோ அதுதான் செடியைக் காத்துவந்தது என்பது அவர்கள் தர்க்கம். அப்படிக் கிடைத்த மூன்று மரபணுக்களுக்கு எஸ்.ஓ.எஸ். 1, 2, 3 என்று பெயர். உப்பு பட்டவுடன் செல்லுக்குள் கால்சியம் எழும். மூன்றாவது அதை உணர்ந்து இரண்டாவதை எழுப்பும். இரண்டாவது, செல்சவ்வில் இருக்கும் முதலாவதை முடுக்கும். அது சோடியத்தை வெளியே தள்ளும்.

தள்ள முடியாததை அடைத்துவைக்கலாம். தாவரச் செல்லுக்குள் பெரிய நீர்ப்பை ஒன்று உண்டு. சோடியத்தை அதற்குள் பூட்டிவிட்டால் வெளியே நடக்கும் வேலைக்குக் கேடில்லை. என்.எச்.எக்ஸ்.1 என்ற மரபணு அந்தப் பூட்டு வேலையைச் செய்கிறது. எடுவார்டோ புளும்வால்டின் ஆய்வகம் 1999இல் அதை அராபிடாப்சிஸில் மிகையாக இயங்கச் செய்து காட்டியது. 2001இல் தக்காளி. கடல்நீரில் ஐந்தில் இரண்டு பங்கு உப்புள்ள நீரில் அந்தத் தக்காளி பூத்துக் காய்த்தது. உப்பு இலையில் தங்கியது, பழத்துக்குப் போகவில்லை. உலகப் பசிக்கே விடை கிடைத்துவிட்டதுபோல அன்று செய்திகள் வந்தன. இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தத் தக்காளி எந்த விவசாயியின் தோட்டத்துக்கும் வந்து சேரவில்லை. கண்ணாடி வீட்டில் ஒரே சீராகக் கொடுக்கும் உப்பு வேறு. வெயிலும் காற்றும் வறட்சியும் மழையும் மாறி மாறி அடிக்கும் வயலின் உப்பு வேறு.

நெல்லில் கதை வேறு பக்கத்திலிருந்து தொடங்கியது. மரபணுவைச் செலுத்திப் பார்ப்பதற்கு முன், ஏற்கெனவே உப்பில் விளைந்துகொண்டிருந்த நெல்லிடமே போய்க் கேட்டார்கள். எர்ணாகுளம், ஆலப்புழை, திருச்சூர் மாவட்டங்களின் கடலோரத் தாழ்நிலங்களில் விளையும் பொக்காளி அது. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் பொக்காளியை உப்பு தாங்காத ஐ.ஆர்.29 ரகத்தோடு சேர்த்து, அந்த வழித்தோன்றல்களில் உப்பைத் தாங்குபவற்றையும் தாங்காதவற்றையும் ஒப்பிட்டார்கள். முதலாம் குரோமோசோமில் ஒரு பகுதி அடையாளப்பட்டது. அதற்குச் ‘சால்டால்’ என்று பெயரிட்டார்கள். 2005இல் சீன ஆய்வாளர்கள், வங்கத்தின் உவர்நிலத்து நெல்லான நோனா பொக்ராவிலிருந்து எஸ்.கே.சி.1 என்ற மரபணுவைத் துல்லியமாகப் பிரித்தெடுத்தார்கள். அதுவும் முதலாம் குரோமோசோமில், அதே வட்டாரத்தில். கேரளமும் வங்கமும் நாட்டின் இரு கோடியில் இருந்தபோதும் உழவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கதிர் பொறுக்கி வைத்த விதைகள் ஒரே இடத்தில் வந்து நின்றன.

அந்த மரபணு செய்யும் வேலை நுட்பமானது. வேரிலிருந்து இலைக்கு நீர் ஏறும் குழாய்களை ஒட்டிய செல்களில் அதன் புரதம் இருக்கிறது. முறத்தில் புடைக்கும்போது கை தன்போக்கில் கல்லைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டே இருப்பதுபோல, மேலேறும் சாற்றிலிருந்து சோடியத்தை மட்டும் எடுத்து வேர்ப் பக்கமே திருப்பிவிடுகிறது. உப்புக்கு அஞ்சும் ஜப்பானிய நெல்லான கோஷிஹிகாரியிலும் இதே மரபணு உண்டு. நோனா பொக்ரா, கோஷிஹிகாரி இரண்டின் புரதத்துக்கும் நான்கு அமினோ அமிலங்கள்தான் வேறுபாடு.

கோதுமையிலும் இந்தக் குடும்பத்து மரபணுவே கைகொடுத்தது. ஆஸ்திரேலியாவில் ரானா மன்ஸும் அவரது குழுவினரும் பழங்காலத்து ஒற்றைமணிக் கோதுமையிலிருந்த ஒரு மரபணுவைச் சாதாரண ஒட்டுச்சேர்க்கை மூலமே மாக்கரோனி கோதுமைக்குக் கொண்டுவந்தார்கள். உவர் வயலில் விளைச்சல் 25 சதவீதம் கூடியதாக 2012இல் வெளியிட்டார்கள். ஆய்வகத்தைத் தாண்டி வயலில் நிரூபணமான சில சாதனைகளில் இது முக்கியமானது. பயிரின் சொந்த உறவினரிடமே கேட்டு வாங்கிய மரபணு என்பதையும் கவனிக்க வேண்டும்.

பொக்காளியின் பலம் ஒரே மரபணுவில் அடங்கிவிடவில்லை. பெங்களூர் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் எம்.கே. மேத்யூவும் ஜெர்மனியின் லூக்காஸ் ஷ்ரைபரும் சேர்ந்து நடத்தி 2009இல் வெளியான ஆய்வு பொக்காளி, ஜெயா, ஐ.ஆர்.20 ஆகிய மூன்றின் வேர்களையும் வெட்டிப் பார்த்தது. தமிழ்நாட்டு வயல்களில் ஒரு காலத்தில் கோலோச்சிய அதே ஐ.ஆர்.20. செல்களுக்கு நடுவிலான சந்துகள் வழியே உப்பு நேராக உள்ளே கசிந்துவிடாதபடி வேரில் சூபரின் என்ற மெழுகுப் பொருள் படிந்து அடைக்கும். பொக்காளியில் அந்த அடைப்பு கனமாக இருந்தது. ஐ.ஆர்.20இல் மெலிந்திருந்தது. அதிக மகசூலுக்காகத் தேர்ந்தெடுத்தபோது வேரின் சுவரை யாரும் பார்க்கவில்லை, அன்று பார்க்கத் தேவையும் இருக்கவில்லை.

பொக்காளி நிலத்தின் விவசாய முறையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், மரபணுக் கதை எழுதுபவர்கள் இதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். கோடையில் அந்த நிலத்தில் மண்ணைக் கூட்டிச் சிறு மேடுகளாக வைப்பார்கள். பருவமழை அந்த மேடுகளில் இருக்கும் உப்பைக் கழுவி இறக்கும். கழுவிய மேட்டில்தான் விதை விழும். மழைக்காலம் முழுக்க நெல். அறுவடை முடிந்ததும் மதகைத் திறந்து கடல்நீரை விட்டு இறால் வளர்ப்பார்கள். உப்பு உச்சத்தில் இருக்கும் மாதங்களில் அங்கே நெல்லே இருப்பதில்லை. மழை தன் பங்கைச் செய்த பிறகு மிஞ்சும் உப்பைத்தான் மரபணு சமாளிக்கிறது. 2008இல் புவிசார் குறியீடு கிடைத்தும் பொக்காளிப் பரப்பு சுருங்கிக்கொண்டே வருகிறது. உலகெங்கும் நெல் ஆராய்ச்சி நிலையங்கள் அதன் மரபணுவை எடுத்துப் பயன்படுத்தும் காலத்தில் அதை விதைப்பவர் குறைகிறார். இது வருத்தத்தோடு நின்றுவிடக்கூடாத விஷயம், அந்த உழவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

தமிழ்க் கரையிலும் இப்படிப்பட்ட நெல்கள் உண்டு. குழியடிச்சான், களர்ப்பாளை, வேதாரண்யம் பக்கத்துப் பனங்காட்டுக் குடவாழை. நெல் ஜெயராமன் முதலியோர் ஊர் ஊராகச் சேகரித்துப் பரப்பியவற்றில் இவையும் அடங்கும். பொக்காளிக்குக் கிடைத்த ஆய்வுக் கவனத்தில் ஒரு பங்குகூட இவற்றுக்குக் கிடைக்கவில்லை.

கடலோரத்துக்கு இன்னும் அருகே போனால் நெல்லின் உத்திகளெல்லாம் சிறியவையாகத் தெரியும். அரியாங்குப்பம் கழிமுகத்தில் நிற்கும் வெண்கண்டல், உறிஞ்சிய உப்பை இலையிலுள்ள சுரப்பிகள் வழியே வெளியேற்றிவிடுகிறது. நாக்கால் தொட்டால் இலை கரிக்கும். சுரபுன்னை வேரிலேயே உப்பின் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். உமரி உப்பை உடம்பில் வாங்கி நீர் கோத்துப் பருத்து நிற்கும். பூக்கும் தாவரங்களில் இப்படிக் கடலுப்பிலேயே வாழ வல்லவை நூற்றில் ஒன்று அளவுதான்.

வெண்கண்டலிடமிருந்து மரபணுவைக் கடன் வாங்கலாம் என்ற எண்ணத்தை 1990களில் கையில் எடுத்தது எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம். அதன் சென்னை ஆய்வகத்தில் அஜய் பரிடாவின் குழு வெண்கண்டலின் மரபணுக்களைப் படித்துக்கொண்டிருந்தது. அதிலொன்றைப் பூசா பாஸ்மதி நெல்லில் செலுத்தி 2008இல் முடிவை வெளியிட்டார்கள். அது உப்பைத் தள்ளும் மரபணு அல்ல. உப்பு பட்ட செல்லில் உண்டாகும் நச்சு ஆக்சிஜனைத் தணிக்கும் மரபணு. மாற்றப்பட்ட நாற்றுகள் உப்புக்கரைசலில் எட்டு நாள் தாங்கின. பரிடா 2022இல் மறைந்தார், சுவாமிநாதன் 2023இல். வெண்கண்டல் மரபணுவோடு ஒரு நெல் ரகம் வயலுக்கு வரவில்லை. மரபணு மாற்றப் பயிர்களுக்கான அனுமதி இங்கே நீண்ட விவாதத்தில் சிக்கியிருப்பது ஒரு காரணம். ஒரு மரபணுவால் முழு வேலையும் முடியாது என்பது அதைவிட ஆழமான காரணம்.

சால்டாலுக்கும் அதே எல்லை உண்டு. முதலில் நினைத்த அளவுக்கு அதன் பிடி பெரிதல்ல என்று பிந்தைய ஆய்வுகள் காட்டின. முக்கியமாக அது நாற்றுப் பருவத்து மரபணு. நெல் உப்புக்கு மிகவும் அஞ்சும் பருவங்கள் இரண்டு: இளநாற்று, பிறகு கதிர் உருவாகிப் பூக்கும் காலம். நடுவில், தூர் கட்டும்போது ஓரளவு தாங்கிக்கொள்ளும். பூக்கும் காலத்தில் உப்பு ஏறினால் மகரந்தம் மலடாகும், கதிர் நிமிர்ந்து நிற்கும், உள்ளே பதர்தான் இருக்கும். நாற்றில் தாங்கிய ரகம் கதிரிலும் தாங்கும் என்பதற்கு உறுதியில்லை. இரண்டையும் ஆளும் மரபணுக்கள் பெரும்பாலும் வேறு வேறு.

இங்கேதான் பாகூர், வில்லியனூர் வயல்களின் பருவக் கணக்கை எடுத்து மரபணுக் கணக்கின் பக்கத்தில் வைக்க வேண்டும். சொர்ணவாரி, சம்பா, நவரை என இங்கே நெல்லுக்கு மூன்று போகம். சொர்ணவாரிக்கு நாற்று விடுவது சித்திரை, வைகாசி வெயிலில். ஏரி வற்றியிருக்கும், ஆழ்குழாய்க் கிணறுதான் கதி, கடலோரக் கிணறு உவர்ப்பின் உச்சத்தில் இருக்கும். நாற்றங்காலுக்கு ஆபத்தான இந்தப் போகத்தில் சால்டால் உள்ள ரகம் உண்மையிலேயே உதவும். சம்பா பூப்பது வடகிழக்குப் பருவமழையிலோ அது முடிந்த கையோடோ. மழை கழுவிய மண்ணில் எந்த மரபணுவுக்கும் அதிக வேலையில்லை. நவரை நேர் எதிர். நாற்று விடும்போது ஈரம் இருக்கும், நல்ல தண்ணீர் இருக்கும். பங்குனியை ஒட்டிக் கதிர் வரும்போது தண்ணீர் குறைந்து உப்பு ஏறத் தொடங்கும். அப்போது சால்டால் கை விரித்துவிடும். நவரைக்கு வேண்டியது கதிர்ப் பருவத்தைக் காக்கும் மரபணுக்கள். அவை பல குரோமோசோம்களில் சிதறிக் கிடக்கின்றன, தேடல் முடியவில்லை. ஒரே கிராமத்தில், ஒரே வயலில், போகத்துக்குப் போகம் ‘உப்பைத் தாங்கும்’ என்பதன் பொருள் இப்படி மாறுகிறது.

மண்ணுக்கு மண்ணும் மாறும். உவர் நிலத்தில் கரையும் உப்பு, அதை நல்ல தண்ணீர் விட்டு வடிக்க வேண்டும். களர் நிலத்தில் மண்ணோடு ஒட்டிய சோடியம், அதற்கு ஜிப்சம் போட வேண்டும். திருச்சியில் உருவான டி.ஆர்.ஒய். ரகங்கள் களருக்கானவை. அவற்றைக் கடலோர உவருக்கு வாங்கிப் போட்டு ஏமாறுவதில் ரகத்தின் குற்றம் எதுவுமில்லை.

நாடு தழுவிய ஒரு திட்டத்தில் ஆடுதுறை 45 உள்ளிட்ட புழக்கத்திலுள்ள ரகங்களில் ஒட்டுச்சேர்க்கை வழியே சால்டாலைச் சேர்த்திருக்கிறார்கள். 2025 மே மாதம் மத்திய அரசு ‘பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1’ என்ற மரபணுத் திருத்த நெல்லை அறிவித்தது. எம்.டி.யு. 1010 ரகத்தில் டி.எஸ்.டி. என்ற மரபணுவைச் செயலிழக்கச் செய்து உருவாக்கியது அது. வெளியிலிருந்து எதையும் சேர்க்கவில்லை, இருந்த ஒன்றை நிறுத்தினார்கள். இலைத்துளைகள் திறந்து நீரை இழப்பதற்குத் துணைபோகும் மரபணு அது. நின்றால் துளைகள் அடங்கும், நீர் மிஞ்சும், நீரோடு சேர்ந்து ஏறும் உப்பும் குறையும். சால்டால் காக்கும் வழியிலிருந்து இது முற்றிலும் வேறு வழி. ஒரு நாள் இரண்டும் ஒரே நெல்லில் சேரலாம், வேரின் கனத்த சுவரும் கூடவே வரலாம். அப்படி மூன்று நான்கு காவல்கள் ஒன்றுசேர்ந்த நெல்தான் கடலோரத்துக்கு நிலையான உதவியாகும் என்று நம்ப இடமிருக்கிறது.

ஆனால் அந்த நெல் வந்தாலும் ஈ.சி. 3 என்ற எல்லையை 6, 7 வரை நகர்த்தும். கடலுக்கு 50. நடுவிலிருக்கும் இடைவெளியை நிரப்ப நன்னீரைத் தவிர வேறெதனாலும் முடியாது. 2004 டிசம்பர் சுனாமியில் நாகப்பட்டினம், காரைக்கால் வயல்களில் கடல் ஏறி நின்றது. பல ஆண்டுகளுக்கு அங்கே பயிர் இல்லை என்றுதான் பேச்சு. விவசாயிகள் கடல்சேற்றை வழித்து எறிந்தார்கள், வரப்பை உயர்த்தினார்கள், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார்கள். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் போன்றோர் உடன் நின்றார்கள். 2005இன் கனத்த பருவமழை உப்பை அடித்துக்கொண்டு போனது. எதிர்பார்த்ததைவிட வெகு சீக்கிரம் நெல் திரும்பியது.

உப்பைத் தாங்கும் விதை கிடைத்துவிட்டது, இனி கிணறு கரித்தாலும் பரவாயில்லை என்ற நினைப்பு பரவினால் அதுதான் பெரிய சேதம். விதை வாங்கித் தரும் மூன்று நான்கு அலகுச் சலுகையை ஆழ்குழாய் இரண்டு கோடையில் தின்றுவிடும். வாய்க்கால் தூர்ந்துபோகாமல் பார்ப்பதும் புதிய ரகத்தைச் சோதிப்பதும் ஒரே வேலையின் இரு பாதிகள். இரண்டுக்கும் ஒதுக்கீடு வெவ்வேறு துறைகளிலிருந்து வருவதால் அவை தொடர்பில்லாதவை ஆகிவிடாது.

குரும்பாப்பட்டில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. பாரதிதாசன் பெயரில் ஒரு நெல் ரகத்தையே தந்த புதுச்சேரிக்கு ரகங்களைச் சோதிப்பது புதிதல்ல. சால்டால் சேர்த்த ரகங்களையும் குழியடிச்சானையும் பக்கத்துப் பக்கத்துப் பாத்திகளில், கிருமாம்பாக்கத்துக்குக் கிழக்கே உள்ள வயல்களில், சொர்ணவாரியிலும் நவரையிலும் தனித்தனியே போட்டுப் பார்க்கலாம். வாரம் ஒருமுறை கிணற்று நீரின் ஈ.சி.யைக் குறிக்கும் கருவி விலை அதிகமில்லை. அதன்பிறகு விற்கும் விதை மூட்டையில் ‘உவர் தாங்கும்’ என்று பொதுவாக அச்சிடாமல், எந்த வகை மண்ணுக்கு, எத்தனை ஈ.சி. வரை, நாற்றிலா கதிரிலா என்று மூன்றையும் எழுதித் தரும்படி விவசாயிகள் கேட்கலாம்.